புரொபசோரா கனிசியஸ்

"நேர்முகம் முழுக்கப் போத்துக்கீசத்திலையாம், மாஸ்டர்."

கணினித் திரையைப் பார்த்தபடி லெனாட் இதைச் சொன்னான். குடிக்கத் தூக்கிய தேத்தண்ணியைக் கனிசியஸ் மாஸ்டர் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஆரோடை?"

"உங்களோடைதான். வியாழக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு, வீடியோவிலை."

"எனக்குப் போத்துக்கீசம் தெரியாதேயடா!"

"என்ன மாஸ்டர் பகிடி விடுறியள்? போம் நிரப்பேக்கை நான் கேட்டனான். நீங்கள்தானே உங்கடை வாயாலை சொன்னனீங்கள்."

சொன்னது உண்மைதான். முப்பத்தொரு வருடம் மரவேலை படிப்பித்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர் கனிசியஸ் மாஸ்டர். போர்த்துக்கேய மொழி பேசும் மொசாம்பிக் நாட்டுக் கடற்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கைவேலை படிப்பிக்கத் தொண்டர் ஆசிரியர் ஒருவர் ஒரு வருடத்துக்குத் தேவை என்று கோயிலில் அறிவித்தார்கள். சம்பளம் இல்லை, சாப்பாடும் படுக்கையும் உண்டு. அடுத்த நாளே மாஸ்டர் குருநகர்ச் சந்தியில் இருக்கும் லெனாட்டின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய்விட்டார். படிவத்தில் மொழிகள் என்ற இடம் வந்தபோது, "போத்துக்கீசம் தெரியுமோ?" என்று லெனாட் கேட்டான். மாஸ்டர் தன் ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் நாள் ஆற்றும் உரையை அவனுக்கும் ஆற்றினார்.

"மேசை ஆற்றை சொல்? போத்துக்கீசன்ரை. கதிரை? அவன்ரை. யன்னல், அலுமாரி, வாங்கு? எல்லாம் அவன்ரை. நான் முப்பத்தொரு வரியமாக் கையாலை போத்துக்கீசம்தான்ரா செய்துகொண்டு வாறன்!"

லெனாட் 'சரளம்' என்ற பெட்டிக்குள் சரி போட்டான். அவனிடம் குறை சொல்ல என்ன இருக்கிறது?

"சரி, மிச்சத்தை வாசி," என்றார் மாஸ்டர்.

"அன்புள்ள புரொபசோரா கனிசியஸ் எண்டு துவங்குது."

"புரொபசர் எண்டுதானே சொல்லுறது?"

"புரொபசர் இஞ்சத்தை ஆக்களுக்கு. புரொபசோரா அதுக்கும் மேலையாக்கும். பேந்து, 'உங்கள் கைவேலையின் படங்களைப் பார்த்து வியந்தோம், அந்தப் பூவேலையின் நுட்பத்தை எங்கள் பிள்ளைகள் கற்க வேண்டும்' எண்டு கிடக்கு."

மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "சிவகௌரி ரீச்சரின்ரை சாய்மனைக் கதிரையிலை நான் வெட்டின பூவைக் கண்டிருக்கினம். படம் அனுப்பினனாங்களோ?"

"அண்டைக்குக் கடையிலை ஒரே சனம், மாஸ்டர். கன்னியர் மடத்துக் கடுதாசியளும் வந்து குவிஞ்சு கிடந்தது. எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி அனுப்பினனான்."

அந்த ஒரு வரியிலேயே மாஸ்டர் நின்றுவிட்டார். பூவேலையின் நுட்பம். இனி இந்த வேலையை விட அவருக்கு மனம் வருமா?

குருநகரில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு தேடினாலும் கிடைக்காது. கனிசியஸ் மாஸ்டரின் தம்பிமார் இருவரும் பிரான்சில். ஒருவர் கோப்பை கழுவி உயர்ந்தவர், மற்றவர் இப்போதும் கழுவுகிறவர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் இருக்கும் பழைய பள்ளிக்கூடங்களைக் கடந்து போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு நினைப்பு வரும். எந்தெந்த நாட்டுக்காரரோ கப்பலேறி வந்து எங்களுக்குப் படிப்பித்தார்களே, இங்கேயிருந்து ஒருவர் அப்படிப் போனதாக யாரும் சொல்லக் கேட்டதில்லையே. கடற்றொழிலாளியின் மகன் ஒருவன் உளிப்பெட்டியோடு விமானம் ஏறி, இன்னொரு கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் இவ்வளவு ஆசைப்பட்டது வேறு எதற்கும் இல்லை.

அதனால் உண்மையை எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். பொய் சொல்லி எடுத்த வேலை அவருக்கு வேண்டாம்.

"எழுதடா லெனாட். 'மன்னிக்க வேண்டும். எனக்குப் போத்துக்கீச மொழி அவ்வளவாகத் தெரியாது. தயவுசெய்து ஆங்கிலத்தில் கேளுங்கள்.' அவ்வளவும்தான்."

லெனாட் எழுதினான். அனுப்பும்போது அவனுக்கு ஒரு மரியாதை தோன்றியது. போர்த்துக்கேய மொழிக்காரருக்கு எழுதுவதைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினால் அல்லவா அழகு? கைத்தொலைபேசியில் போட்டு மொழிபெயர்த்து, இலக்கணம் பிசகாமல் அனுப்பிவிட்டான்.

மறுநாள் பதில் வந்தது. 'அன்புள்ள புரொபசோரா கனிசியஸ், உங்கள் கடிதத்தின் மொழிநடை எங்கள் ஆசிரியர்களையே வெட்கப்பட வைத்தது. உங்கள் பணிவும் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. வியாழக்கிழமை போர்த்துக்கேய மொழியில் ஆசைதீரப் பேசுவோம்.'

"என்னடா செய்து வைச்சிருக்கிறாய்!" என்று தலையில் கை வைத்தார் மாஸ்டர்.

"நல்லாத்தானே எழுதியிருக்கிறன்?" என்றான் லெனாட்.

வீட்டில் விறாந்தை முழுக்கத் துணியும் நூலும் பெண்பிள்ளைகளும். மாஸ்டரின் மனைவி மரியநாயகி இருபத்திரண்டு வருடமாகப் பின்னேரங்களில் மடத்துப் பிள்ளைகளுக்குத் தையலும் நூலால் பூப்பின்னும் ரேந்தை வேலையும் காட்டிக்கொடுக்கிறார். அவரைப் பிள்ளைகள் மாமி என்பார்கள், அக்கா என்பார்கள். ரீச்சர் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. மாஸ்டர் அதைப் படிப்பித்தல் என்று கணக்கில் எடுத்ததும் இல்லை. கதிரையில் குண்டூசி கிடக்கிறது என்று முறைப்பாடு மட்டும் வைப்பார்.

"முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்றார் மரியநாயகி.

மாஸ்டர் விசயத்தைச் சொன்னார்.

"அந்தப் பள்ளிக்கூடமோ? இஞ்சருங்கோ, மடத்து மதரும் போன மாதம் ஒரு கடுதாசியிலை என்ரை கையெழுத்து வேண்டினவ, உங்களிட்டைச் சொல்ல..."

"உம்மடை மடத்துக் கதையைப் பிறகு கதைப்பம். என்ரை தலை போகுது இஞ்சை!"

மரியநாயகி குசினிக்குப் போய்விட்டார். அவருக்கு அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் அடுத்து ஓடியது கோயில் பங்குச்சபைத் தலைவர் அடைக்கலநாதனிடம். அவர் பக்குவமான மனிதர், மடத்துக்கு வேண்டியவர், காதும் காதும் வைத்தாற்போல் சொல்லித் திருத்திவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

"அண்ணை, ஒரு சிக்கல். நேர்முகத்தைப் போத்துக்கீசத்திலை வைச்சிருக்கினம்..."

"போத்துக்கீசத்திலையோ!" அடைக்கலநாதன் எழும்பி மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "புரொபசோரா எண்டு எழுதியிருக்கினமெண்டு லெனாட் சொன்னவன். நான் நம்பேல்லை. நீங்கள் அடக்கமான ஆள், மாஸ்டர். உதை அடக்கி வைக்கக் கூடாது!"

தலைவர் அதை அடக்கி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிய அறிவித்தார். சனம் கை தட்டியது. பின்னேரம் சந்தியில் பதாகை ஏறியது. மாஸ்டரின் திருமணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம், பக்கத்தில் மரியநாயகியின் தோளில் பாதி. கீழே கொட்டை எழுத்தில்: 'குருநகரின் பெருமை, போர்த்துக்கேய மொழி வித்தகர், புரொபசோரா கனிசியஸ் அவர்களை வாழ்த்துகிறோம்!'

மாஸ்டர் அந்தச் சந்தியால் போவதை விட்டுவிட்டு, மீன்வாடிகளுக்குப் பின்னால் கடற்கரையோரமாக நடக்கத் தொடங்கினார். அங்கேயும் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று, "போத்துக்கீசத்திலை ஒண்டு சொல்லுங்கோ, மாஸ்டர்!" என்றார்கள்.

"மேசை," என்றார் மாஸ்டர் கோபமாக.

"கேட்டியளே, தமிழ் மாதிரியே கிடக்கு!" என்று அவர்கள் வியந்தார்கள்.

திங்கட்கிழமை மானிப்பாயிலிருந்து நமசிவாயம் என்றொருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பதாகையைப் பார்த்துத் தேடி வந்தவர். பொலித்தீன் பைக்குள் பழுப்பேறிய பழைய காணி உறுதி ஒன்று வைத்திருந்தார்.

"போத்துக்கீசர் காலத்து உறுதி எண்டு சொல்லுகினம், ஐயா. வடக்கு எல்லை வேலியோ கிணறோ எண்டு வாசிச்சுச் சொன்னால் காணும். மச்சானோடை ஏழு வரியமாய்க் கதை பேச்சில்லை."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மேசையும் இல்லை, கதிரையும் இல்லை. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தப்புவதற்கு வேறு வழி தெரியாமல், "இது போத்துக்கீசம் இல்லை. ஒல்லாந்தம்," என்று திருப்பிக் கொடுத்தார்.

நமசிவாயம் நன்றி சொல்லிப் போய் ஒல்லாந்தம் தெரிந்த ஒருவரைப் பிடித்தார். பார்த்தால் அது உண்மையிலேயே ஒல்லாந்தம். செவ்வாய்க்கிழமைக்குள் மானிப்பாய் வரைக்கும் கதை பரவிவிட்டது: குருநகர் மாஸ்டருக்குப் போத்துக்கீசம் மட்டுமில்லை, ஒல்லாந்தமும் தண்ணி பட்ட பாடு.

இனிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மானிப்பாயில் ஆங்கிலம் படிப்பிக்கும் மகள் ஜெனிற்றா கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். மாஸ்டர் அதைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். அந்த மொழியில் பாதிச் சொல் மூக்கால் வருகிறது. மூக்கை இறுக்கிக்கொண்டு 'பாவுன், பாவுன்' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

"தடிமன் பிடிச்சிட்டுது," என்று மரியநாயகி இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"தடிமன் இல்லை. பாண். அவங்கள் பாணை மூக்காலை சொல்லுறாங்கள்."

"பாணை வாயாலை தின்னுறவைதானே?"

இரண்டு நாளில் மாஸ்டருக்கு உறுதியாகப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். 'ஓம்' என்பதற்கு அவர்கள் 'சிம்' என்கிறார்கள். படிப்பித்தவருக்குத் தெரியும், எதற்கும் ஓம் என்பவனை ஒரு வாத்தியாரும் பெயில் விடுவதில்லை. சிம்மைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வியாழன் வந்தது. ஜெனிற்றா அரைநாள் லீவு போட்டுவிட்டு மடிக்கணினியோடு வந்தாள். மாஸ்டர் வெள்ளைச் சேட்டுப் போட்டார். சப்பாத்துக்குப் பொலிஷ் அடித்த பிறகுதான் கால் படத்தில் தெரியாது என்பது ஞாபகம் வந்து, அதை வாங்கில் வைத்தார். மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் அவரே செய்தவை. வெளியே யன்னலடியில் அடைக்கலநாதன், லெனாட், வாடிச் சனம் பாதி.

"நீர் குசினிக்குள்ளை இரும். சத்தம் போடாதையும்," என்று மனைவியிடம் சொன்னார்.

சரியாக மூன்று மணிக்குத் திரையில் ஒரு கன்னியாஸ்திரி தெரிந்தார். வட்ட முகம், பெரிய கண்ணாடி. சிஸ்டர் லூசியா என்று கீழே பெயர் ஓடியது. மாஸ்டரைக் கண்டதும் கொஞ்சம் திகைத்தவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"சிம்!" என்றார் மாஸ்டர்.

சிஸ்டர் தலையாட்டினார். இன்னொன்று கேட்டார்.

"சிம், சிம்."

மூன்றாவதாக ஒன்று கேட்டார். கொஞ்சம் நீளமான கேள்வி.

"சிம்!" என்றார் மாஸ்டர், மூக்கையும் சேர்த்து.

சிஸ்டர் மகிழ்ச்சியோடு கதிரையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சும்மா இருந்தார். மாஸ்டரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். அவர் சிரித்தார். இவர் சிரித்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"என்ன நடக்குது?" என்று யன்னலுக்கு வெளியே லெனாட் கிசுகிசுத்தான்.

"மனப்பரீட்சை," என்றார் அடைக்கலநாதன். "பெரிய உத்தியோகத்துக்கு இப்பிடித்தான்."

மாஸ்டருக்கு நெற்றியில் வேர்வை இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று ஓங்கி அடித்து, யன்னல் படார் என்று சுவரில் மோதியது. குசினி வாசலில் மரியநாயகி தெரிந்தார். எத்தனை நேரம்தான் ஒரு மனுசி பொறுப்பது?

"இஞ்சருங்கோ, யன்னலைச் சாத்துங்கோவன்! கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து இருந்தால் என்ன? உந்தச் சப்பாத்தை ஆர் வாங்கிலை வைச்சது? அலுமாரிக்குள்ளை லேஞ்சி கிடக்கு, எடுத்து முகத்தைத் துடையுங்கோ! மத்தியானமும் சாப்பிடேல்லை, குசினியிலை பாண் காஞ்சு போச்சு!"

திரையில் சிஸ்டர் லூசியா கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"ஜனேலா!" என்றார். "கதேய்ரா! மேசா! சப்பாத்து!" விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். பாண் வந்தபோது இரு கையையும் தட்டினார். பிறகு படபடவென்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

"அப்பா," என்றாள் ஜெனிற்றா, "அந்த அம்மா ஆர், இவ்வளவு வடிவாப் போத்துக்கீசம் கதைக்கிறா எண்டு சிஸ்டர் கேக்கிறா."

"மனிசியும் போத்துக்கீசமாம்!" என்று அடைக்கலநாதன் திரும்பிச் சனத்துக்கு அறிவித்தார்.

மாஸ்டர் எழும்பினார். வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும், இனி ஒரு சிம்மும் சொல்வதில்லை என்று தீர்மானித்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எனக்குப் போத்துக்கீசம் தெரியாது. மனிசிக்கும் தெரியாது. அவ கதைச்சது தமிழ். உங்கடை மொழிக்காரர் வந்து போய் முந்நூற்றைம்பது வரியத்துக்கு மேலை. கோட்டையைக் கட்டினவை, விட்டிட்டுப் போட்டினம். சொல்லையும் விட்டிட்டுப் போட்டினம். நாங்கள் ஒண்டையும் துலைக்கேல்லை. அந்தச் சொல்லுகளுக்கெல்லாம் நான் முப்பத்தொரு வரியமாக் கால் பூட்டி, முதுகு பூட்டி, பொலிஷ் அடிச்சு வைச்சிருக்கிறன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச போத்துக்கீசம்."

ஜெனிற்றா மொழிபெயர்த்தாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா என்ன செய்யிறவ எண்டு கேக்கிறா."

மாஸ்டர் குசினி வாசலைப் பார்த்தார். கையில் அகப்பையோடு, குழம்பிப்போய் நின்றார் மரியநாயகி. இருபத்திரண்டு வருடமாக விறாந்தையில் கேட்ட சத்தமெல்லாம் மாஸ்டருக்கு அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து கேட்டது. நூலை இழுக்காதை பிள்ளை, திரும்பக் கோர், உனக்கு வரும். தான் தோற்றுப்போன இடத்தில் இப்படியொரு பெருமை வந்து நிற்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. அலுமாரியைத் திறந்து, கோயில் பீடத்துக்கு மரியநாயகி பின்னிய வெள்ளை விரிப்பை எடுத்து, கமெராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.

"இவ ஒரு ரீச்சர்," என்றார் மாஸ்டர். தன் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். "இருபத்திரண்டு வரியமாத் தையல் படிப்பிக்கிறா. இஞ்சை பாதி வீட்டிலை இவவிட்டைப் படிச்ச பிள்ளையின்ரை மெசின் ஓடுது. இந்தப் பூவேலையைப் பாருங்கோ. மரத்திலை எனக்கு இவ்வளவு வராது."

"ரென்டா!" என்று கூவினார் சிஸ்டர்.

"ஓம், ரேந்தைதான்," என்றார் மரியநாயகி, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல்.

சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஜெனிற்றாவிடம் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். கேட்கக் கேட்க ஜெனிற்றாவின் கண்கள் அகன்றன. அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். யன்னலுக்கு வெளியே தூரத்தில் ஆடிக்கொண்டிருந்த பதாகையையும் ஒருமுறை பார்த்தாள்.

"சொல்லு பிள்ளை, பறுவாயில்லை," என்றார் மாஸ்டர். "நான் எடுபடேல்லை, அதுதானே?"

"அப்பா... 'புரொபசோரா' எண்டால் பொம்பிளை ரீச்சராம். உங்கடை போமோடை மதர் அனுப்பின அம்மான்ரை கடுதாசியும் ரேந்தைப் படங்களும் போனதாலை, அம்மாவைத்தான் கூப்பிட்டவையாம். சிஸ்டர் துவக்கத்திலையே மூண்டு தரம் கேட்டவவாம், 'நீங்கள் திருமதி கனிசியஸின்ரை புருசனோ, தையல் ரீச்சர் வந்துகொண்டிருக்கிறாவோ, அவ வருமட்டும் நாங்கள் பாத்துக்கொண்டிருக்கட்டோ' எண்டு, நீங்கள் மூண்டுக்கும் ஓம் எண்டனீங்களாம்!"